லிட்டருக்கு ஏழரை

பிப்ரவரி 2, திங்கள்

வண்டிக்கு இன்னும் முப்பத்தொரு நாள்தான் ஆயுசு. மார்ச் ஐந்தோடு தகுதிச் சான்று முடிகிறது. பதினைந்து வருஷத்து டீசல் வேன். பின்கதவு கயிற்றில் நிற்கிறது, அடித்தகடு துருப்பிடித்து ரோடு தெரிகிறது. இதை ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய் நிறுத்தினால் இன்ஸ்பெக்டர் சிரித்தே செத்துப்போவார்.

மார்ச் ஒன்பதாம் தேதி பாலக்காட்டு ரோட்டுக் கல்லூரி விடுதியில் வேலை ஆரம்பம். நாற்பத்திரண்டு தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டும். தலையால் தண்ணீர் குடித்துப் பிடித்த ஆர்டர். தண்ணீர் பீய்ச்சும் ஜெட் மெஷின், சேற்றுப் பம்பு, ஏணி, ஹோஸ், முந்நூறு லிட்டர் தண்ணீர் டேங்க் எல்லாவற்றையும் தலையிலா சுமந்து போக முடியும்? அதற்குள் புது வண்டி வாங்கியாக வேண்டும்.

எந்த வண்டி என்பதுதான் பாடு. எங்கள் பக்கத்து மினி வேன் ஓனர்கள் வாட்ஸப் குரூப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அட்மின் பொன்னுச்சாமி அண்ணன் காலையில் ஒரு செய்தி போட்டார்: புது மைலேஜ் விதி வருகிறது, கம்பெனிகள் சின்ன டீசல் வண்டியை நிறுத்தப் போகின்றன, இப்போதே வாங்குங்கள். மத்தியானம் அவரே இன்னொன்று போட்டார்: விதி தள்ளிப்போகிறது, அவசரப்படாதீர்கள். இவரை நம்பி வண்டி வாங்கினால் அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான்.

புருஷன் என்றதும் ஞாபகம் வருகிறது. இவர் சொல்கிறார், "பழசையே தட்டி ஒட்டி ஓட்டிக்கலாம் அம்மிணி." ஓட்டலாம், கழுதையைக் கட்டி.

இன்று 60 கி.மீ. லிட்டருக்கு ஏழரை.

பிப்ரவரி 4, புதன்

எந்த ஷோரூமுக்கு போன் செய்தாலும் முதல் கேள்வி: "இப்ப இருக்கற வண்டி என்ன மைலேஜ் குடுக்குதுங்க மேடம்?" ஏழரை என்றால் எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. ஏழரை என்பது சனிக்குச் சொல்வது, வண்டிக்கு இல்லை.

இந்த டைரியே வண்டிக் கணக்குக்காகத்தான். டேங்கை வாய்வரை நிரப்பி, ஓடின கிலோமீட்டரை லிட்டரால் வகுத்துத் தினமும் எழுதுவேன். முதலில் பன்னிரண்டு கொடுத்த வண்டிதான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஆடி மாசம் ஏழரைக்கு இறங்கியது. அறுபது கிலோமீட்டருக்கு ஐந்து லிட்டர் ஆக வேண்டிய இடத்தில் எட்டு ஆனது. மீதி மூன்று லிட்டர் எங்கே போகும்? அப்போது டிரைவர் சென்னியப்பன். எட்டு வருஷம் எங்களிடம் இருந்தவன். ஒரு நாள் மத்தியானம் அவன் வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான், டேங்குக்கு நேர் கீழே. நானே பார்த்தேன். போட்டோ எடுத்து, "தினம் மூணு லிட்டர் டீசல் திருடுறவன், யாரும் வேலைக்கு வைக்காதீங்க" என்று குரூப்பில் போட்டேன். அன்றிலிருந்து பொன்னுச்சாமி அண்ணன் என்னை சி.பி.ஐ. என்றுதான் கூப்பிடுகிறார். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் பொம்பளை ஓனர்கள் மூன்று பேர். அந்த மூன்றில் இந்தச் சம்பூரணத்தை எல்லாருக்கும் தெரியும்.

அவன் போனபிறகும் ஏழரைதான். வண்டிக்கு வயசாகிவிட்டது. அவனுக்குப் பிறகு வந்த இரண்டு டிரைவர்களும் என் வாய்க்கு நிற்கவில்லை, இப்போது இவரே ஓட்டுகிறார். இவர் ஓட்டினாலும் அதே ஏழரை.

பிப்ரவரி 5, வியாழன்

தலைவலி. சுந்தராபுரத்தில் ஒரு அபார்ட்மெண்டின் சம்ப் தொட்டி. இரண்டு கூடை சேறும் ஒரு செத்த பெருச்சாளியும் வந்தன. அந்தத் தண்ணீரில்தான் ஆறு மாசமாகக் காப்பி போட்டுக் குடித்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 9, திங்கள்

டீசல் ஷோரூமுக்குப் போனோம். நாங்கள் கேட்ட வண்டியை இனி கம்பெனி அனுப்பாதாம், கேட்டால் "புது விதிங்க மேடம்" என்கிறார்கள். பெரியது இருக்கிறதாம். பெரியது எங்கள் சந்தில் திரும்பாது, யானையை வாங்கி எங்கே கட்டுவது?

அடுத்து கேஸ் வண்டி. சிலிண்டரைப் பின்பக்கம் மாட்டியிருக்கிறார்கள், தண்ணீர் டேங்க் வைக்கும் இடம் போய்விடும். போதாக்குறைக்கு கேஸ் பங்க்கில் ஒரு மணி நேர வரிசை. மிச்சம் இருப்பது கரண்டு வண்டி. அதைப்பற்றி குரூப்பில் ஆளுக்கு ஒரு பயம் காட்டுகிறார்கள்.

திரும்பி வரும்போது இவரிடம் சொன்னேன், "பாரத்தோட ஏத்திப் பாக்காம எந்த வண்டியும் வாங்கறதில்ல. ஜெட் மெஷினைக் கழட்டி அதுல வெச்சு ஓட்டிப் பாக்கோணும்."

"மெஷினைக் கழட்டறதா? எதுக்கு அம்மிணி? கழட்டுனா திரும்ப மாட்டறது சிரமம்."

"நாலு போல்ட்டுங்க!"

ராத்திரி இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். எட்டு சாப்பிடுகிற ஆள்.

பிப்ரவரி 11, புதன்

தெரியாத நம்பரிலிருந்து போன். ஏதோ கம்பெனி மேனேஜராம். "சென்னியப்பன்னு ஒருத்தர், உங்ககிட்ட எட்டு வருஷம் இருந்ததாச் சொல்றாரு. ஆள் எப்படிம்மா?"

எப்படி என்றால்? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். போட்டோவையும் அனுப்பட்டுமா என்று கேட்டேன். "குரூப்புல இருந்த போட்டோதானே, பார்த்திருக்கேன்மா" என்றார். நான் பொய் சொல்கிறவள் இல்லை. மாவு அரைத்துக்கொண்டே இதை இவரிடம் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பிப்ரவரி 14, சனி

இவருக்கு என்னவோ ஆகிவிட்டது. பழைய வண்டியையே தகடு ஒட்டிப் பெயின்ட் அடித்தால் சான்று வாங்கிவிடலாம் என்று ஒரு பட்டறைக்காரரைக் கூட்டி வந்து நிறுத்துகிறார். பதினைந்து வருஷத்துப் பாசம் போல. நான் பட்டறைக்காரருக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

கரண்டு வண்டி ஷோரூமில் ஹரிணி என்று ஒரு பெண். கெட்டிக்காரி. புது விதியை நாலே வரியில் புரியவைத்தாள்: கம்பெனி விற்கும் எல்லா வண்டிக்கும் சேர்த்து சராசரி மைலேஜ் பார்ப்பார்களாம், அதனால் கரண்டு வண்டி அதிகம் விற்றால்தான் அவர்களுக்கு லாபமாம். "அதனாலதான் ஆஃபர் கொடுக்கிறோம் அக்கா." உண்மையைச் சொல்லி விற்கிறாளே என்று எனக்குப் பிடித்துப்போனது.

"எங்க டெமோ டிரைவர் ஒருத்தர் இருக்கார், சுமை வண்டின்னா அவர்தான். வரச் சொல்றேன்" என்றாள்.

வந்தது சென்னியப்பன். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் பெயர். தலை பாதி நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்து ஒரு நொடி நின்று, "வாங்கக்கா, சௌக்கியங்களா?" என்றான். எனக்குக் கோபம் உச்சி வரை ஏறியது. ஹரிணியைத் தனியே இழுத்துப் போய், "இந்த ஆளை நம்பி வண்டியக் குடுக்கறீங்களா?" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "மேனேஜர் போன்ல பேசினது உங்ககிட்டதானாக்கா? அவரு ஒரு வருஷமா தினக்கூலிங்க. இந்த மாசக் கடைசியில பர்மனென்ட் பண்றதா இருந்தாங்க. அந்த போனுக்கப்புறம் மேனேஜர் முடியாதுங்கறார். இருபத்தெட்டாம் தேதியோட நின்னுக்கச் சொல்லியிருக்கார்."

உள்ளதைத்தான் சொன்னேன். வேறென்ன சொல்வது? வெள்ளிக்கிழமை வண்டியை வீட்டுக்கே கொண்டு வரச் சொல்லிவிட்டேன். வேறு டிரைவரை அனுப்புங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவன் எதிரிலேயே வண்டியை நல்லபடி வாங்கிக் காட்டுகிறேன் என்று ஒரு வீம்பு.

பிப்ரவரி 20, வெள்ளி

கிணறு வெட்ட பூதம் கிளம்பிவிட்டது. வரிசையாகவே எழுதுகிறேன்.

காலை ஒன்பதுக்குச் சென்னியப்பன் கரண்டு வண்டியோடு வந்தான். சத்தமே இல்லாமல் வாசலில் வந்து நிற்கிறது. இவர் அதற்கு முன்பே போத்தனூரில் வேலை என்று கிளம்பிவிட்டார். வேலை ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். போகட்டும் என்று பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டேன். நாலு போல்ட்டையும் நானே கழற்றினேன். சென்னியப்பனோடு மூன்று பேருமாக ஜெட் மெஷினைத் தூக்கினார்கள்.

பாதி தூக்கும்போது எதுவோ பிடித்து இழுத்தது. மெஷினுக்குக் கீழே விரித்திருந்த ரப்பர் பாய்க்கு அடியிலிருந்து ஒரு செப்புக் குழாய் கூடவே எழும்பி வந்து படக்கென்று முறிந்தது. சென்னியப்பனின் வெள்ளைச் சட்டையில் டீசல் தெறித்தது.

அவன் மெஷினைக் கீழே வைத்துவிட்டுக் குழாயின் வாயை விரலால் அடைத்துக்கொண்டான். பிறகு மற்றக் கையால் பாயை விலக்கினான். குழாய் தகட்டைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கி, ஒரு சின்னப் பம்பு வழியாக வண்டியின் டீசல் டேங்குக்குள் மேல்பக்கமாகப் போகிறது.

"மெஷினுக்குத் தனி டேங்க் இருந்துச்சேங்க்கா?" என்றான்.

இருக்கிறது. மெஷின் மேலேயே மஞ்சள் டீசல் டேங்க். மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே எட்டுக்கால் பூச்சி வலை பின்னியிருந்தது.

"மெஷினு மணிக்கு ஒரு லிட்டர் குடிக்குமுங்க" என்றான் அவன். குரலில் கோபம் இல்லை, கணக்குப் போடுகிறவன் குரல். "தினம் மூணு மணி நேரம் ஓடும்."

மூன்று லிட்டர்.

"நானும் அப்ப யோசிச்சு யோசிச்சுப் பாத்தனுங்க. டேங்க்ல ஓட்டை கீட்டை இருக்குமோன்னு வண்டிக்கு அடியில படுத்தெல்லாம் தேடுனேன். மேல பாய்க்கு அடியில பாக்கோணும்னு தோணவே இல்லீங்க."

ஒர்க்‌ஷாப் ஆட்கள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் சட்டையைத் துடைக்கத் துணி எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனேன். போனவள் சமையலறையில் நின்றுகொண்டே இருந்தேன். திரும்பி வரும்போது அவன் குழாய் வாயில் ஒரு துணியைத் திணித்துக் கட்டிவிட்டு வண்டியோடு போயிருந்தான்.

பிப்ரவரி 21, சனி

சமைக்கவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

இவரிடம் குழாயைப்பற்றிக் கேட்டேன். கத்தவில்லை, கத்தத் தெம்பு இல்லை. அதனாலோ என்னவோ, முழுவதும் சொன்னார்.

"பங்க்குல கேன்ல டீசல் தரமாட்டோம்னுட்டாங்க. மெஷினுக்கு நான்தான கேன்ல வாங்கி ஊத்திட்டு இருந்தேன், உன்ற கணக்குல அது வராது. நாலு பங்க் அலைஞ்சு பாத்தேன். வேற வழி தெரியாம நானே குழாய் போட்டுட்டேன். சொன்னா, டேங்க்ல ஓட்டை போட்டீங்களான்னு நீ குதிப்பே. பொறவு சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"பொறவு?"

"பொறவு சென்னி மேல பழி வந்துருச்சு. நீ போட்டோ போட்ட அன்னிக்கு வாயைத் தொறந்தேன் அம்மிணி. 'நீங்க சும்மா இருங்க, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது'ன்னே. சும்மா இருந்துட்டேன்."

சொன்னேன்தான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காய் நறுக்கிக்கொண்டே சொன்னேன்.

"மூணு வருஷமாவா சும்மா இருப்பீங்க?"

"ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தனே" என்று அழுதார். ஐம்பத்திரண்டு வயசு மனுஷன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி ஒருவன் மேல், பாவம் எங்கள் இரண்டு பேர் மேல். யாருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன், வகுபடவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

வேறொரு டிரைவர் கரண்டு வண்டி கொண்டு வந்தான். முந்நூறு லிட்டர் தண்ணீர், மெஷின், ஏணி எல்லாம் ஏற்றி மருதமலை ரோட்டு மேட்டில் ஏற்றிப் பார்த்தோம். முக்கவில்லை. அறுபது கிலோமீட்டர் ஓடியும் பேட்டரியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். வெள்ளை நிறத்தில் ஒன்று கையிருப்பில் இருக்கிறதாம். சரி என்றேன். மெஷினுக்கு டீசல் என்ஜினுக்குப் பதில் மோட்டார் மாட்டி அதற்குத் தனி பேட்டரிப் பெட்டி. இவர் மாட்டுவார், ஒயர் எங்கே போகிறது என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான்.

வண்டி முடிவாகிவிட்டது. நிம்மதி வரவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். சென்னியப்பன் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்ததில் ஒன்றும் வரவில்லை. "தப்பு நடந்துபோச்சு சென்னி" என்றேன்.

"தெரிஞ்சு பண்ணுலீங்களே, உடுங்க்கா" என்றான். அப்படிச் சொல்லாமல் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"எங்ககிட்டயே வந்துரு. சம்பளம் சேத்தித் தாரேன்."

"அது வேண்டாமுங்க." குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்தான். "குரூப்புல சொல்லுங்க்கா. அங்கதானுங்க சொன்னீங்க."

"மேனேஜர்கிட்ட இப்பவே பேசறேன். அது பத்தாதா?"

"மேனேஜர் ஒரு ஆளுங்க. அந்த குரூப்புல இருநூத்திச் சொச்சம் பேரு. எங்க வீட்டு ஓனரும் அதுல இருந்தாரு. போட்டோ வந்த வாரமே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாருங்க. எம்புள்ளைக்கு அப்ப பத்தாவதுங்க."

மைசூர்பாகை வாங்கி பெஞ்சு மேல் வைத்தான். திறக்கவில்லை.

பிப்ரவரி 25, புதன்

மேனேஜரிடம் பேசினேன். "அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யாம்மா?" என்கிறார். "எங்க முதலாளியும் அந்த குரூப்லதான் இருக்கார். சென்னியப்பன் சொல்லிக் குடுத்து நீங்க பேசறீங்கன்னு நினைப்பார்." சனிக்கிழமைக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டுமாம்.

பிப்ரவரி 26, வியாழன்

காலையிலிருந்து குரூப்பில் போடப் பதினொரு தடவை குரல் பதிவு செய்து பதினொன்றையும் அழித்தேன். ஒன்றில் "எங்க வீட்டுக்காரர் ஒரு குழாய் போட்டதால" என்று ஆரம்பித்திருந்தேன். கேட்டுப் பார்த்தால் அவரைப் பலி கொடுப்பதுபோல் இருந்தது. இன்னொன்றில் "சின்னக் குழப்பம்" என்று சொல்லியிருந்தேன். சின்னதா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வந்தது.

பயமாக இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். நாளையிலிருந்து நான் பேசினால் அந்த இருநூறு ஆம்பளைகளும் சிரிப்பார்கள். பொம்பளைக்கு வண்டியைப்பற்றி என்ன தெரியும் என்பார்கள். பதினைந்து வருஷம் யாரும் அப்படிச் சொல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

துவைத்த துணி மடிக்கவில்லை. குடிதண்ணீர் வந்து போய்விட்டது, பிடிக்கவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

போட்டுவிட்டேன். குரலில் இல்லை, எழுத்தில். குரல் என்றால் பாதியில் நிறுத்திவிடுவார்கள். முறிந்த குழாயின் போட்டோவோடு:

"நான் சம்பூரணம். மூன்று வருஷத்துக்கு முன் டிரைவர் சென்னியப்பன் டீசல் திருடினார் என்று இங்கே போட்டேன். அவர் திருடவில்லை. எங்கள் ஜெட் மெஷின் வண்டி டேங்கில் குடித்துக்கொண்டிருந்தது. அவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தது ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க. நான் விசாரிக்காமல் பழி போட்டேன். தப்பு என்னுடையது. அவரை வேலைக்கு வைக்காதவர்கள், வீட்டைக் காலி பண்ண வைத்தவர்கள் எல்லாம் என் பேச்சை நம்பித்தான் செய்தார்கள். சென்னியப்பன் என்னை மன்னிக்க வேண்டும்."

ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டார்கள் என்று காட்டுகிறது. ஒருவரும் பேசவில்லை. இருபது நிமிஷம் கழித்துப் பொன்னுச்சாமி அண்ணன் ஒரு செய்தி போட்டார்: மைலேஜ் விதி மறுபடி மாறுகிறதாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன் போட்டேன். "அண்ணா, மேல நான் என்ன போட்டிருக்கேன்னு படிச்சுட்டு அப்பறமா விதியப் போடுங்க. பழிபோட்ட போட்டோவுக்கு அன்னிக்குக் கை தட்டுனீங்கல்ல, இதுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க!"

அவர் மென்று விழுங்கினார். பிறகு விதியை அழித்துவிட்டு, "சென்னியப்பன் நல்ல டிரைவர். நானும் அப்போது விசாரிக்கவில்லை" என்று போட்டார். அதற்குப் பிறகு வரிசையாக வந்தது. கும்பிடுகள், பரவாயில்லைகள், இரண்டு சிரிப்பு பொம்மைகள். சிரிக்கட்டும். ஒருவர் மட்டும், யாரென்று தெரியவில்லை, பெயர் இல்லாத நம்பர், ஒரே வரி எழுதியிருந்தார்: "அப்ப அந்த மூணு வருஷம்?"

இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதைப் படித்தார்.

பிப்ரவரி 28, சனி

சாயங்காலம் ஹரிணி போன் செய்தாள். "பர்மனென்ட் பண்ணிட்டாங்க அக்கா." போனை வைத்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 6, வெள்ளி

புது வண்டி வந்தது. சென்னியப்பன்தான் கொண்டு வந்தான். புதுச் சட்டை, டீசல் கறை இல்லை. இவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தார். "உடுங்கண்ணா" என்று அவன் தோளைத் தட்டினான். அந்த அளவுக்குத்தான் கொடுத்தான், அதற்கு மேல் கேட்க எங்களுக்கு வாயில்லை. காப்பி வேண்டாம் என்றான். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தான்.

சார்ஜ் போடுவது, ஸ்விட்சுகள் எல்லாம் காட்டினான். "மெஷின் பேட்டரிக்கும் வண்டி பேட்டரிக்கும் தனித்தனியா எழுதுங்க்கா" என்றான். சிரிக்கவில்லை, குத்தியும் சொல்லவில்லை. டைரியில் இரண்டு கட்டம் போட்டுவிட்டேன்.

கடைசியில், வழியில் எதுவும் அடிபட்டிருக்கிறதா என்று அடிப்பக்கம் பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டுமாம், கம்பெனி வழக்கம். சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்துக் குனிந்தவன் அப்படியே நின்று என் பக்கம் பார்த்தான். என் கையில் போன் இருந்தது.

போனைக் கொண்டுபோய் ஜன்னல் மேல் வைத்துவிட்டு வந்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அவன் கையிலிருந்து டார்ச்சை வாங்கினேன். அவன் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனான்.

"சித்தெ இக்கட்டக் காட்டுங்க்கா" என்று உள்ளிருந்து ஒரு பக்கமாகக் கையை நீட்டிச் சொன்னான். காட்டினேன்.